இயந்திரம் பயின்ற ஜி. டி. நாயுடு

கல்வி ஏட்டினால் வருவதோ, கையினால் வருவதோ என்னும் வினா மிகப் பழையது. கல்லூரியிற் பயிலும் நமக்கு இவ்வினா வேண்டாத ஒன்றுபோலத் தோன்றலாம். தேர்வும் பட்டமும் உத்தியோகமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நெறியில் நடப்பவர்க்கு, அந்நெறிக்குப் புறத்தே நின்று அறிவு தேடினாரை எண்ணிப் பார்க்கப் பொழுது ஏது? ஆயினும், தொடக்கப் பள்ளியிற் சில வகுப்புகளுக்கு மேற் பயிலாத ஒருவர், மோட்டார் வண்டிகள் பலவற்றிற்குத் தலைவராகிப் பொறியியற் கல்லூரி ஒன்றினுக்கு முதல்வராகவும் அமர்ந்தார் எனின், அவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. அவர்தாம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள். அப்பெரியாருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இவ்வரலாற்றை இப்பொழுது எழுதத் தூண்டியது நம் ஊர்ப்புறத்து வழக்கம் ஒன்றாகும். பழனி வட்டத்துக் கீரனூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உழவர்தம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வன பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடியுமுன் சேரவேண்டும் என்னும் விரைவு ஓட்டுநர்க்கு எப்பொழுதும் உண்டு. அவருட் சில இளைஞர், தம் வண்டியின் இஞ்சினுக்கு இன்னும் வலுவேற்ற வேண்டும் என்னும் ஆசை மிக்கவராக, காற்றை அழுத்தி ஊட்டும் கருவியை மாற்றுவதும், எண்ணெய் பாயும் அளவைக் கூட்டுவதும் பற்றி ஓயாது பேசக் கேட்கின்றோம். ஆசை குற்றமன்று. ஆனால் இஞ்சினிடம் மிகுதியாகக் கேட்பவன், முதலில் அதனை எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும்? இதற்கு விடை, இதே பழனிச் சாலையில் ஒரு நூற்றாண்டிற்கு முன் வண்டி ஓட்டிய ஒருவர் வாழ்க்கையில் உளது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடியிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவர்க்கு உவப்பளிக்கவில்லை. ஆசிரியர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும் முறையில் அவர் மனம் பற்றவில்லை. ஆகவே படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டுத் தந்தையாரின் நிலத்தில் உழவு வேலை பார்த்து வந்தார்.

இளமைப் பருவத்தில் ஒருநாள், வருவாய்த்துறை அதிகாரியாகிய லங்காஷயர் என்னும் ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியை அதுவரை அவ்விளைஞர் கண்டதில்லை. கண்டோர் பலர் வியந்து நின்று பின் தத்தம் தொழிலுக்கு மீண்டிருப்பர். இவரோ அவ்வண்டி எதனால் ஓடுகின்றது என்பதை அறிந்தன்றி அமையேன் என்று உறுதி கொண்டார். வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று, அங்கே உணவு விடுதி ஒன்றிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சில ஆண்டுகள் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே அதன் உடையவரிடமிருந்து 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பர்.

வாங்கியபின் அவர் செய்த காரியமே நம் கருத்திற்கு உரியது. அரும்பாடுபட்டுத் தேடிய பொருளை ஏறி ஓட்டி மகிழ்வதே இயல்பு. அவரோ அதனைத் திருகு திருகாகக் கழற்றி உறுப்புகளைத் தரையிற் பரப்பினார். ஒவ்வொன்றும் எவ்விடத்தில் எதற்காக அமைந்துள்ளது என்று ஆராய்ந்தார். பின்பு மீளப் பூட்டினார். இஞ்சினைப் பற்றிய நூல் கையில் இல்லை. கற்பிக்கும் ஆசானும் இல்லை. இஞ்சினே ஏடாகவும் ஆசானாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்திற் கால் தரியாத அவ்விளைஞர், அந்தப் பாடத்தை மட்டும் எத்தனை முறையும் சலியாது படித்தார்.

பின்னர்த் திருப்பூரிற் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அத்தொழில் பெருகவே, கையிற் பொருளும் பெருகியது. அப்பொருளோடு பம்பாய் சென்று பருத்தி வாணிகத்தில் ஈடுபட்டு, அங்கிருந்த பெருவணிகர்க்கு ஈடுகொடுக்க மாட்டாமல் இழந்து மீண்டார். ஈட்டியதெல்லாம் போயினும் கைத்தொழில் அறிவு போகவில்லை. கோவையிற் பெருந்தொழில் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையைச் சென்று கண்டார். அத்துரை இவருடைய திறமையை மதித்து, பேருந்து ஒன்றை வாங்குதற்குத் துணை செய்தார். 1920ஆம் ஆண்டு அப்பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் நாயுடுவே.

உடுமலைப்பேட்டை வழியே செல்லும் அச்சாலை ஏறத்தாழ 40 மைல் நீளம் உடையது. மேற்கு மலைத் தொடர் ஒரு புறம் உடன்வர, மேடும் பள்ளமுமாகச் செல்வது. பழனியாண்டவர் திருவிழாக் காலங்களில் அடியார் கூட்டம் மிகுதி. ஒரே வண்டி உடையவர்க்கு, அது நின்ற நாள் வருவாயற்ற நாள். வழியில் நின்றாலோ பயணிகளின் நம்பிக்கையும் உடன் நிற்கும். எனவே இஞ்சினின் உடல்நிலையை அன்றாடம் கவனித்தல் அவர்க்கு ஆராய்ச்சி மட்டுமன்று, பிழைப்பும் ஆயிற்று. அந்த ஒரு வண்டி வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனமாகப் பெருகியது. யூ. எம். எஸ். பேருந்து என்றால் காலந் தவறாது வரும், வழியிற் கைவிடாது என்னும் பெயர் கொங்கு நாடெங்கும் பரவியது.

ஈண்டு இஞ்சினின் இயல்பைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். பெட்ரோல் இஞ்சின் என்பது மூச்சு விடும் ஓர் உடல் போன்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் எண்ணெயும் கலந்து சிலிண்டருள் நுழைகின்றன, மேலேறும்போது அழுத்தப்படுகின்றன, பொறி பட்டு எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன, பின் புகையாய் வெளியேறுகின்றன. ஒரு பங்கு பெட்ரோல் செவ்வனே எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எண்ணெயை மிகுதியாக ஊற்றுதல் எளிது. அதற்கேற்ற காற்றை உட்புகுத்துதல் அரிது. ஆதலின் இஞ்சினின் வலு, பெரும்பாலும் அது உட்கொள்ளும் காற்றின் அளவைப் பொறுத்ததே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வுண்மையை நம் நாட்டார் கண்கூடாகக் கண்டனர். பெட்ரோல் கிடைப்பது அரிதாகவே, பேருந்தின் பின்புறத்திற் கரி அடுப்பை அமைத்து, அதிலெழும் வாயுவைக் கொண்டு இஞ்சினை ஓட்டினர். அவ்வாயு வெப்ப வலிமை குறைந்தது. சிலிண்டரில் இடத்தையும் மிகுதியாக அடைத்துக்கொள்வது. அதனால் அதே இஞ்சின் வலுவிழந்து தளர்ந்தது. ஏற்றம் கண்டவிடத்துப் பயணிகள் இறங்கித் தள்ளிய செய்தியை முதியோர் சொல்ல நாமும் கேட்டிருக்கின்றோம்.

காற்று தானே நுழையும் அளவிற்கு மேல் அதனை அழுத்தி ஊட்டினால் என்ன என்னும் எண்ணம், மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலேயே தோன்றியதாகும். 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர் காற்று ஊதும் பொறி ஒன்றிற்கு உரிமை பெற்றனர். 1885இல் ஜெர்மனியின் டைம்லர், இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் முறைக்கு உரிமை பெற்றார். 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூஹி, வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஊதுபொறியைச் சுழற்றும் வழியைக் காட்டினார். இஞ்சினின் சுழல்தண்டிலிருந்தே வலுப்பெற்று ஊதுவதைச் சூப்பர்சார்ஜர் என்றும், புகையினாற் சுழன்று ஊதுவதை டர்போ என்றும் இன்று வழங்குகின்றோம். நம் சாலைகளில் ஓடும் டீசல் பிக்கப் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் பின்னதாகும்.

கடல் மட்டத்திற் காற்று, சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 14.7 ராத்தல் அளவு அழுத்துகின்றது. அதன்மேல் 7 ராத்தல் அழுத்தத்தை ஊதுபொறி கூட்டுமாயின், சிலிண்டருள் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு காற்று புகும் என்று கணக்கிடலாம். ஆயின் கணக்கு வேறு, காரியம் வேறு. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய காற்று விரியும். விரிந்தால் ஊதியதன் பயன் ஒரு பகுதி குறையும். அதுவேயன்றி, சூடான கலவை பொறியின் வழியே ஒழுங்காக எரிவதை விட்டுத் தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அறைவது போல அறையும். இதனையே பட்டறைக்காரர் இஞ்சின் தட்டுகிறது என்பர். சூப்பர்சார்ஜராயின், ஊதுதற்கு வேண்டிய வலுவையும் இஞ்சினே தரவேண்டும்.

ஆகவே கப்பியைச் சிறிதாக்கி ஊதுபொறியை விரைவாகச் சுழற்றிவிட்டதனால் மட்டும் வேலை முடிந்ததாகாது. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேண்டும். கூடிய காற்றுக்கு ஏற்ற எண்ணெயைத் தரும் பம்பும் இஞ்செக்டரும் வேண்டும். பொறி எழும் கணத்தைச் சற்றுப் பின்னிட வைத்தல் வேண்டும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கேஸ்கெட்டும் அப்பளுவைத் தாங்கவேண்டும். ரேடியேட்டர் அச்சூட்டை ஆற்றவேண்டும். டீசல் இஞ்சினிற் காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டுபவன், கரும்புகையையும் உருகிய பிஸ்டனையுமே பரிசாகப் பெறுவான். வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுதல் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு மாறானது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவை யாவற்றிற்கும் முற்பட்ட வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைக் கசியாது தாங்குகின்றதா, வால்வு செவ்வனே படிகின்றதா, காற்று வடிகட்டியில் அடைப்பு உண்டா, எண்ணெய் உரிய அளவிற் பாய்கின்றதா, தண்ணீர் தடையின்றி ஓடுகின்றதா என்று பார்த்தலே அது. இழந்து நிற்கும் வலுவை மீட்டபின் அல்லவா புதிய வலுவைத் தேடவேண்டும்? பெரும்பாலான வண்டிகளுக்கு அம்மீட்சியே போதுமானதாக இருக்கும். நாயுடு ஓட்டிய காலத்துப் பழனிப் பேருந்தில் ஊதுபொறி இல்லை. ஆயினும், கழற்றி அறிந்து, குறையை நீக்கி, உள்ளதிலிருந்து முழுப்பயனையும் பெறுதல் என்னும் முதற்பாடத்தை அவர் ரட்ஜ் வண்டியிலேயே கற்றிருந்தார். எத்துணைப் பெரிய ஊதுபொறி பூட்டுவார்க்கும் அடிப்படை அதுவே.

நிற்க. பேருந்துகளோடு அவர் அமைந்துவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கொங்கு நாட்டிற்கு வந்தது. மின்சாரம் வந்தால் மோட்டார் வேண்டும். மோட்டாரோ கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1937ஆம் ஆண்டு, கோவைப் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகச் செய்யப்பட்டதென்று போற்றப்படும் மின்மோட்டார் வெளிவந்தது. இவ்வாக்கத்தில் டி. பாலசுந்தரம் நாயுடு என்பாரின் அறிவும் உழைப்பும் பெரும்பங்கு கொண்டன. மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிலிற் கோவை பின்னாளில் நாடெங்கும் பெயர் பெற்றதற்கு இஃது ஒரு தொடக்கமாகும். கீரனூர்ப் பக்கம் போன்ற வானம் பார்த்த நிலங்களில், மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் இன்று மோட்டார் இறைக்கின்றது. அம்மோட்டாரை விசைதள்ளும் உழவர் பலர் அம்முதல் மோட்டாரின் வரலாற்றை அறியார்.

ரசாந்த் என்னும் மின் மழிப்புக் கருவி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி எனப் பலவற்றை அவர் ஆக்கினார். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையிற் கிடைக்குமாறு உருவாக்கினார். அரசினர் உரிமம் வழங்க மறுத்தமையால் அக்கார் பெருக உற்பத்தியாகவில்லை. எளியோர் கைக்கு எட்டும் விலை என்பதே அவருடைய ஆக்கங்களிற் பலவற்றிற்கும் பொதுவான குறிக்கோளாக இருந்தது. வலு மட்டுமன்றி விலையும் ஓர் அளவையே என்பதை அவர் மறந்ததில்லை.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேர்ப்பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கும் தொழிலாளர் நலத்திற்கும் நன்கொடைகள் அறிவித்தார். அவருடைய கொடையினாற் கோவையிற் பாலிடெக்னிக் ஒன்றும் பொறியியற் கல்லூரி ஒன்றும் தோன்றின. அப்பொழுது சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் ஆர்தர் ஹோப் என்பாரின் பெயர் அவற்றிற்கு இடப்பட்டது. கல்லூரி பின்னர் வேறிடத்திற்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு இன்று விளங்குகின்றது. முதலில் இருந்த இடத்தைக் கோவை மக்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

அக்கல்லூரிக்கு 1945இல் நாயுடு முதல்வராகவும் இருந்தார். இருந்தது நெடுங்காலமன்று. பொறியியற் படிப்பிற்கு நான்கு ஆண்டுகள் வேண்டா, இரண்டு ஆண்டுகளே போதும், எஞ்சியது வீண் காலம் என்பது அவர் கொள்கை. விடுமுறைகளைக் குறைத்து, பட்டறை வேலையைக் கூட்டி, வேண்டாத மனப்பாடத்தை நீக்கினால் இது கைகூடும் என்று அவர் கருதினார். அரசினர் இணங்கவில்லை. தாம் பொருள் கொடுத்து எழுப்பிய கல்லூரியின் தலைமையைத் தம் கொள்கையின் பொருட்டு அவர் துறந்தார்.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? மாணவராகிய நமக்கு இது வெறும் பழங்கதையன்று. நம் வாழ்நாளின் சில ஆண்டுகளைப் பற்றிய கேள்வி. நாயுடு கேட்டது, அதே சிலிண்டரில் இருமடங்கு காற்றை ஊட்டுவதற்கு ஒப்பானது. அவருடைய உடலும் உள்ளமும் அவ்வழுத்தத்தைத் தாங்கும் உருக்கினால் ஆனவை. எல்லா மாணவரும் அவ்வாறு தாங்குவர் என்பது உறுதியன்று. கணிதமும் பௌதிகமும் உள்ளத்திற் படிந்து பயன்தரக் காலமும் வேண்டும். அக்காலத்தைச் சுருக்கினால், ஊதுபொறி பூட்டிய பழைய இஞ்சின் போல இடையிலே தட்டுவாரும் உளர். அரசினர் தயங்கியதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லோம்.

ஆனால் அவர் கண்ட குறை மெய்யான குறையே. நான்கு ஆண்டு படித்தும் ஒரு பம்பைக் கழற்றிப் பூட்ட அஞ்சும் பட்டதாரியை நாம் பார்த்ததில்லையா? அடைபட்ட வடிகட்டியோடும் படியாத வால்வோடும் ஓடும் இஞ்சின் போல, கேட்டும் எழுதியும் மறந்தும் கழியும் மணிகள் நம் கல்லூரி நாட்களில் எத்தனை! ஆண்டுகளைக் குறைப்பதா கூட்டுவதா என்று வழக்காடுமுன், கையில் உள்ள ஆண்டுகளிற் கசிந்து போவதை அடைத்தல் அன்றோ முதல் வேலை? அவ்வேலைக்கு அரசின் உத்தரவு வேண்டியதில்லை. தாமே தம் பாடத்தைக் கழற்றிப் பார்க்கும் மாணவர் போதும்.

1967இல் தம் பெயரால் தொழிற் பொருட்காட்சி ஒன்றை நாயுடு கோவையில் நிலைபெறச் செய்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோவை அவிநாசி சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்திற்கு எழுப்பி 2025 அக்டோபரில் திறக்கப்பெற்ற மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேம்பாலத்தில் விரையும் வண்டிகளைக் காட்டிலும், அவருக்கு உவப்பான நினைவுச் சின்னம் ஒன்றை நாம் அமைக்கலாகும். நம் விடுதியிலோ வீட்டிலோ பழுதுற்றுக் கிடக்கும் ஒரு மோட்டாரை, ஒரு பம்பை, ஒரு பழைய இஞ்சினை இவ்விடுமுறையிற் கழற்றிப் பார்ப்போமாக. உறுப்புகளை ஒழுங்காகப் பரப்பி, ஒவ்வொன்றின் பயனையும் எழுதி வைத்து, மீளப் பூட்டுவோமாக. முதன்முறை ஒரு திருகு மிஞ்சலாம். மறுமுறை கழற்றினால் அதற்குரிய இடம் தெரிந்துவிடும். இயற்பியல் வகுப்பிற் கேட்ட அழுத்தமும் வெப்பமும் அப்பொழுது கையில் வந்து நிற்கும். வண்டிக்கு வலுவேற்ற விரும்பும் நம் ஊர் இளைஞரும், இருக்கின்ற இஞ்சினை முற்ற அறிந்தபின் ஊதுபொறியைத் தேடுவாராயின், ஒட்டன்சத்திரம் செல்லும் வழியில் அவர்தம் வண்டிகள் நிற்கமாட்டா.